கோங்குரா, கமீரா, மீன் எண்ணெய்: ஹைதராபாத்தில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனோடு வாழ்வது

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (ஏ.எஃப்.) என்று ஈ.சி.ஜி.யில் தெரிந்து, மருந்துச் சீட்டோடு வீடு திரும்புகிறவர்கள் முதல் வாரத்தில் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். மக்னீசியம் சாப்பிட்டால் துடிப்பு ஒழுங்குக்கு வருமா? மீன் எண்ணெய் இதயத்துக்கு நல்லதுதானே? சார்மினார் பக்கத்து யூனானி கடையில் விற்கிற கமீரா படபடப்பை அடக்கும் என்கிறார்களே? கோங்குராவை அடியோடு விட்டுவிட வேண்டுமா?

எல்லாவற்றுக்கும் இந்த அத்தியாயத்தில் பதில் உண்டு. அதற்கு முன்னால் ஒன்று மனதில் பதிய வேண்டும். ஏ.எஃப். உள்ளவரைப் பெரும்பாலும் முடக்கிப்போடுவது ரத்தக் கட்டி. படபடப்பு தொல்லை தரும், பயமுறுத்தும். கட்டியோ ஒரு காலைப்பொழுதில் பேச்சையும் வலது கையையும் எடுத்துக்கொண்டு போய்விடும். ஆகவே எதைச் சேர்க்கலாம், எதைத் தவிர்க்கலாம் என்ற ஒவ்வொரு முடிவையும், ரத்தம் உறையாமல் காக்கிற அந்த ஒரு மாத்திரையை அது என்ன செய்யும் என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

கட்டி எங்கே உருவாகிறது

இதயத்தின் மேலறைகள் இரண்டும் சாதாரணமாக நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை ஒழுங்காகச் சுருங்கி விரியும். ஏ.எஃப். வந்தால் அங்கே மின்தூண்டல்கள் நிமிடத்துக்கு 350 முதல் 600 வரை தாறுமாறாகக் கிளம்புகின்றன. மேலறை சுருங்குவதில்லை, நடுங்குகிறது. இடது மேலறையின் ஓரத்தில் சின்னப் பை போல ஒரு பகுதி ஒட்டிக்கொண்டிருக்கும். ரத்தம் அதற்குள் தேங்கி உறைவதுதான் ஆபத்தின் தொடக்கம். அங்கிருந்து ஒரு துணுக்கு பிய்ந்து கிளம்பினால், கழுத்து வழியாக மூளைக்குப் போய் ரத்தக் குழாயை அடைத்துவிடும். அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஊர் ஆய்வு 1991-லேயே இதை அளந்து சொன்னது: ஏ.எஃப். உள்ளவருக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் ஐந்து மடங்கு.

எல்லாருக்கும் ஒரே அளவு ஆபத்து இல்லை. மருத்துவர்கள் ஒரு மதிப்பெண் போடுவார்கள். நீங்களும் போட்டுப் பார்க்கலாம். இதயச் செயலிழப்புக்கு 1, உயர் ரத்த அழுத்தத்துக்கு 1, சர்க்கரை நோய்க்கு 1, மாரடைப்போ கால் ரத்தக் குழாய் அடைப்போ இருந்தால் 1, வயது 65 முதல் 74 வரை என்றால் 1, 75-ஓ அதற்கு மேலோ என்றால் 2, முன்பே பக்கவாதம் வந்திருந்தால் 2. பெண் என்பதற்கும் 1 சேர்ப்பது வழக்கமாக இருந்தது. 2024-இன் ஐரோப்பிய வழிகாட்டுதல் அதை எடுத்துவிட்டது. பெண் என்பதைச் சேர்க்காமல் கூட்டி 2 வந்தால் ரத்தம் உறையாமைக்கான மருந்து வேண்டும் என்பதில் இன்று கருத்து வேறுபாடு இல்லை. 1 வந்தால் மருத்துவரோடு உட்கார்ந்து பேச வேண்டும். மாரேட்பள்ளியில் ஓய்வுபெற்று வாழும், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ள 68 வயதுக்காரருக்கு மதிப்பெண் 3. படபடப்பே தெரியாவிட்டாலும் அவருக்கு மாத்திரை உண்டு. வாரத்தில் ஒரு நாள் மட்டும் வந்துபோகிற ஏ.எஃப்.பாக இருந்தாலும் உண்டு.

ருமாட்டிக் வால்வு நோயோ செயற்கை வால்வோ உள்ளவர்களுக்கு இந்த மதிப்பெண் பொருந்தாது. அவர்கள் கதை வேறு. இந்தியாவில் அது சின்னக் கதையும் இல்லை. இந்திய இதயத் துடிப்பியல் சங்கத்தின் ஏ.எஃப். பதிவேட்டில் நோயாளிகளின் சராசரி வயது 55. ஏறக்குறைய பாதிப் பேருக்கு ருமாட்டிக் காய்ச்சல் விட்டுச்சென்ற வால்வு நோய். மேற்கத்திய நூல்களில் படிக்கிற ஏ.எஃப். எழுபது வயதுக்காரர்களின் நோய். நம் ஊரில் அது முப்பத்தைந்து வயதுத் தாய்மார்களுக்கும் வருகிறது. எக்கோ பரிசோதனையில் மைட்ரல் வால்வு எப்படி இருக்கிறது என்பதை முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எந்த மாத்திரை என்பதை அதுதான் முடிவு செய்யும்.

எந்த மாத்திரை

வார்ஃபரின் 1954 முதல் மனிதர்களுக்குக் கொடுக்கப்படுகிறது. அதன் உறவுக்கார மருந்தான அசிட்ரோம் நம் ஊரில் இன்னும் பரவலாக எழுதப்படுகிறது. இரண்டும் வைட்டமின் கே-யின் வேலையைத் தடுத்து ரத்தம் உறைவதைக் குறைக்கின்றன. 2009-க்குப் பிறகு டாபிகாட்ரான், ரிவராக்ஸபான், அபிக்ஸபான் வந்தன. வால்வு நோய் இல்லாதவர்களுக்கு இந்தப் புதியவைதான் இன்று முதல் தேர்வு. 18,201 பேரை வைத்து 2011-இல் வெளியான ஆய்வில், வார்ஃபரினைவிட அபிக்ஸபான் பக்கவாதத்தை 21 சதவீதமும் பெரிய ரத்தக்கசிவை 31 சதவீதமும் குறைத்தது. மூளைக்குள் ரத்தம் கசிவதும் குறைவு. காப்புரிமைகள் காலாவதியான பின் பல இந்திய நிறுவனங்கள் இவற்றைத் தயாரிக்கின்றன, விலையும் இறங்கிவிட்டது. மருந்துக் கடையில் நிறுவனப் பெயரை விட்டுவிட்டு மருந்தின் பெயரைச் சொல்லி விலை கேளுங்கள். ஒரே மருந்து கடைக்குக் கடை, கம்பெனிக்குக் கம்பெனி வேறு விலை.

மைட்ரல் வால்வு சுருங்கியவர்கள் புதிய மருந்து விலை குறைந்துவிட்டது என்று தாங்களாக மாறக் கூடாது. ருமாட்டிக் நோயோடு ஏ.எஃப். உள்ள நாலாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களை 24 நாடுகளில் பின்தொடர்ந்த ஆய்வு 2022-இல் வந்தது. ரிவராக்ஸபான் சாப்பிட்டவர்களைவிட வார்ஃபரின் வகை சாப்பிட்டவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது. இவர்களுக்கும் உலோக வால்வு பொருத்தியவர்களுக்கும் இன்றும் பழைய மருந்துதான்.

ஒரு ஆதங்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். ஏ.எஃப்.புக்கு வெறும் ஆஸ்பிரின் மட்டும் எழுதிய சீட்டுகளை இன்னும் பார்க்க முடிகிறது. "ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரைதான், இது லேசானது" என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். பழைய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், வார்ஃபரின் பக்கவாதத்தை ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குறைக்கிறது. ஆஸ்பிரின் ஐந்தில் ஒரு பங்குதான். அபிக்ஸபானையும் ஆஸ்பிரினையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட 2011 ஆய்வில் பக்கவாதம் பாதிக்கும் கீழே போனது, பெரிய ரத்தக்கசிவோ ஏறக்குறைய சமம். ஆக, லேசானது என்று கொடுக்கப்படுவது கசிவு ஆபத்தைக் குறைக்கவும் இல்லை, காப்பாற்றவும் இல்லை. உங்கள் சீட்டில் ஏ.எஃப்.புக்காக ஆஸ்பிரின் மட்டும் இருந்தால், அடுத்த முறை மருத்துவரிடம் காரணம் கேளுங்கள். ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு வேறு காரணம் இருக்கலாம். அதனால் கேட்காமல் நிறுத்தவும் வேண்டாம்.

சாப்பிடும் முறை சில நுணுக்கங்கள் கொண்டது. ரிவராக்ஸபான் 15, 20 மில்லிகிராம் மாத்திரைகளை வயிறு நிறையச் சாப்பாட்டோடுதான் எடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உடம்பில் சேராமலே போகும். ஸ்கந்தகிரி கோயிலில் கந்த சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருக்கிற நம் வீட்டுப் பெரியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒரு வேளை மட்டும் சாப்பிடும் விரதம் என்றால் அந்த வேளையோடு மாத்திரை. அதுவும் இல்லாத முழுப் பட்டினி என்றால் முன்கூட்டியே மருத்துவரைக் கேட்க வேண்டும். அபிக்ஸபானுக்குச் சாப்பாடு தேவையில்லை, ஆனால் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை தவறாமல் போக வேண்டும். ரம்ஜான் நோன்பு இருக்கிறவர்கள் சஹரிலும் இஃப்தாரிலும் எடுத்தால் இடைவெளி ஓரளவு சமமாக அமையும். நோன்பு தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரிடம் பேசி முடிவு செய்வது நல்லது. டாபிகாட்ரான் கேப்ஸ்யூலை உடைத்துப் பொடியைக் கொட்டிச் சாப்பிடக் கூடாது. ஈரம் ஆகாது, வாரப் பெட்டியில் பிரித்துப் போடவும் கூடாது. அதில் எண்பது சதவீதம் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. மே மாதத்தில் நாற்பது டிகிரியைத் தாண்டும் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் அலைந்தால் கிரியேட்டினின் ஏறும், மருந்து உடம்பில் தங்கும். கோடை தொடங்கும் முன் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

அபிக்ஸபானின் வழக்கமான அளவு 5 மில்லிகிராம், தினம் இரண்டு வேளை. வயது 80 அல்லது அதற்கு மேல், எடை 60 கிலோ அல்லது அதற்குக் கீழ், கிரியேட்டினின் 1.5 அல்லது அதற்கு மேல் என்ற மூன்றில் இரண்டு இருந்தால்தான் 2.5. எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாருக்கும் பாதி அளவு கொடுப்பது பாதுகாப்பு ஆகாது. அது பாதிப் பாதுகாப்பு.

கோங்குரா பிரச்சினை

ஹைதராபாத்தில் கீரை இல்லாத சமையல் கிடையாது. கோங்குரா பச்சடி, பாலகூர பப்பு, தோட்டகூர வேப்புடு, பிரியாணியில் கைநிறையப் புதினாவும் கொத்தமல்லியும். இதோடு நம் வீட்டு முருங்கைக்கீரை, அரைக்கீரை மசியல். இவை எல்லாவற்றிலும் வைட்டமின் கே உண்டு. புதிய மருந்துகள் சாப்பிடுகிறவர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. கீரையைத் தாராளமாகச் சாப்பிடுங்கள்.

வார்ஃபரின், அசிட்ரோம் சாப்பிடுகிறவர்களுக்குத்தான் கணக்கு. அந்தக் கணக்கும் பலர் நினைப்பது போல் கீரையை விலக்குவது இல்லை. அளவை மாற்றாமல் இருப்பது. வாரத்துக்கு மூன்று நாள் ஒரு கிண்ணம் கீரை என்பது உங்கள் வழக்கமானால், மருத்துவர் அந்த வழக்கத்துக்கு ஏற்ப மாத்திரை அளவை நிர்ணயித்துவிடுவார். பிறகு அந்த மூன்று நாளைத் தொடருங்கள். பயந்துபோய் கீரையை முற்றாக நிறுத்துகிறவர்களுக்கு, ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு திடீரென்று ஏறி ஈறில் ரத்தம் வரும். ஆடி மாதம் ஊருக்குப் போய்த் தோட்டத்துக் கீரையைத் தினமும் சாப்பிட்டுத் திரும்புகிறவர்களுக்கு இறங்கிவிடும். கட்டி உருவாக அதுவே போதும். வால்வு மாற்றாதவர்களுக்கு ஐ.என்.ஆர். 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும். உலோக மைட்ரல் வால்வுக்குப் பொதுவாக 2.5 முதல் 3.5 வரை. அளவு நிலைத்த பின்னும் மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனை. சாப்பாட்டிலோ வேறு மருந்திலோ மாற்றம் வந்தால் ஒரு வாரத்துக்குள் இன்னொரு முறை.

கோங்குரா ஊறுகாயில் எனக்குக் கவலை தருவது வைட்டமின் கே-யைவிட உப்புதான். ஆவக்காயும் அப்படியே. ரத்த அழுத்தம்தான் ஏ.எஃப்.பைக் கொண்டுவருவதில் முதல் காரணங்களில் ஒன்று. அதைக் கட்டுக்குள் வைக்காமல் வேறு எதைச் செய்தும் பயன் குறைவு.

டப்பாவில் வருபவை

சத்து மாத்திரை என்ற பெயரில் விற்கப்படுபவற்றில் எனக்கு மிகுந்த கவலை தருவது மீன் எண்ணெய். இதயத்துக்கு நல்லது என்று பிள்ளைகள் அமெரிக்காவிலிருந்து பெரிய டப்பாவாக வாங்கி அனுப்புகிறார்கள். ஏ.எஃப். விஷயத்தில் ஆய்வுகள் எதிர்ப்பக்கம் போகின்றன. 2018-இல் வந்த ஒரு பெரிய ஆய்வில் தினம் 4 கிராம் சுத்திகரித்த ஒமேகா-3 சாப்பிட்டவர்களில் 3.1 சதவீதத்தினர் ஏ.எஃப்.பாலோ அதை ஒத்த ஃபிளட்டராலோ மருத்துவமனையில் சேர்ந்தார்கள். வெறும் எண்ணெய் சாப்பிட்டவர்களில் 2.1 சதவீதம். 2021-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், தினம் ஒரு கிராமுக்கு மேல் எடுத்தவர்களுக்கு ஏ.எஃப். வரும் வாய்ப்பு ஏறக்குறைய பாதி மடங்கு கூடியிருந்தது. ஒரு கிராமும் அதற்குக் குறைவும் எடுத்தவர்களுக்கு 12 சதவீதம். ட்ரைகிளிசரைடு மிக அதிகமாக இருக்கிறவருக்கு மருத்துவர் எழுதியிருந்தால் அது வேறு கணக்கு. மற்றபடி டப்பாவை மூடி வையுங்கள். வாரத்தில் இரண்டு நாள் மீன் குழம்பு சாப்பிடுவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அதை நிறுத்த வேண்டாம்.

வைட்டமின் டி-யும் தினசரி 840 மில்லிகிராம் ஒமேகா-3-யும் ஏ.எஃப்.பைத் தடுக்குமா என்று 25,000-க்கும் மேற்பட்டவர்களிடம் ஐந்து ஆண்டுகள் சோதித்தார்கள். இரண்டும் தடுக்கவில்லை. வைட்டமின் டி குறைவாக இருந்தால் எலும்புக்காகச் சாப்பிடுங்கள். இதயத் துடிப்புக்காக வேண்டாம்.

மக்னீசியத்துக்கு ஒரு நியாயம் உண்டு. நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குப் பொட்டாசியமும் மக்னீசியமும் சிறுநீரில் போய்விடும். இரண்டும் குறைந்தால் துடிப்பு தடுமாறும். அளந்து பார்த்துக் குறைவு இருந்தால் ஈடுகட்ட வேண்டும். குறைவு இல்லாதவர் மாத்திரை விழுங்கினால் ஏ.எஃப். அடங்கும் என்பதற்குச் சான்று இல்லை. சிறுநீரகம் பழுதானவருக்கு அதுவே ஆபத்து. இளநீரும் அப்படித்தான்: கோடையில் நல்லது, ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவரோ, டெல்மிசார்ட்டன், ஸ்பைரோனோலாக்டோன் போன்றவற்றைச் சேர்த்துச் சாப்பிடுகிறவரோ தினம் இரண்டு இளநீர் குடித்தால் பொட்டாசியம் ஏறி இதயமே நின்றுபோகிற அளவுக்குப் போகலாம்.

பூண்டுச் சாறு மாத்திரை, ஜிங்கோ, மஞ்சளைச் செறிவாக்கிய குர்குமின் கேப்ஸ்யூல் ஆகியவை ரத்தக்கசிவைக் கூட்டக்கூடியவை. ரசத்தில் போடுகிற நாலு பல் பூண்டையும் சாம்பாரில் போடுகிற மஞ்சளையும் நான் சொல்லவில்லை.

இனி கமீரா. யூனானி மருத்துவத்துக்கு ஹைதராபாத் பெரிய வீடு. சார்மினாருக்குப் பக்கத்திலேயே நிஜாமியா அரசு யூனானி மருத்துவமனை இருக்கிறது. பழைய நகரத்துக் குடும்பங்கள் தலைமுறைகளாக ஹக்கீம்களிடம் போகிறவர்கள். கமீரா அப்ரேஷம், கமீரா மர்வாரீத் போன்ற லேகியங்கள் படபடப்புக்கென்றே கொடுக்கப்படுகின்றன. அந்த மரபின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஏ.எஃப்.பில் கட்டி உருவாவதை அவை தடுக்கும் என்று யாரும் நிறுவவில்லை. நம் பக்கத்து மருதம்பட்டைக் கஷாயத்துக்கும் அதே பதில்தான். லேகியம் சர்க்கரைப் பாகில் செய்வது என்பதால் நீரிழிவுக்காரர்கள் கவனிக்க வேண்டும். அதிமதுரம் கலந்த எதையும் நாள்பட எடுத்தால் பொட்டாசியம் குறைந்து ரத்த அழுத்தம் ஏறும், ஏ.எஃப்.புக்கு இரண்டுமே கெடுதல். விட முடியாது என்றால் டப்பாவைக் கையோடு எடுத்துப்போய் இதய மருத்துவரிடம் காட்டுங்கள். ஹக்கீமிடமும் ரத்தம் உறையா மருந்து சாப்பிடுவதைச் சொல்லுங்கள். மறைப்பதுதான் விபத்தை வரவழைக்கும்.

வலி மாத்திரை, டெங்கு, காசநோய்

மழைக்காலத்தில் இந்த ஊரில் டெங்குவும் சிக்குன்குனியாவும் வருவது எல்லாருக்கும் தெரியும். முட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வாங்கிப் போடுகிறோம். உறையா மருந்தோடு இவை சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியும். மலம் தார் போலக் கறுத்தால் அன்றே மருத்துவமனை. காய்ச்சலுக்கும் வலிக்கும் பாரசிட்டமால் மட்டும், அதுவும் சொன்ன அளவில்.

காய்ச்சல் இரண்டாம் நாளும் இறங்காவிட்டால் டெங்கு பரிசோதனையும் தட்டணு எண்ணிக்கையும் பார்த்துவிடுங்கள். தட்டணு 50,000-க்குக் கீழே போனால் உறையா மருந்தைத் தற்காலிகமாக நிறுத்தும் கேள்வி எழும். அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும், மறுபடி எப்போது தொடங்குவது என்பதையும் அவரே எழுதித் தர வேண்டும். காய்ச்சலுக்காக நிறுத்திவிட்டுப் பிறகு தொடங்க மறந்துபோவது நடக்கக்கூடியது. வீட்டு நாட்காட்டியில் தேதியைக் குறித்து வையுங்கள்.

காசநோய்க்கான ரிஃபாம்பிசின் உறையா மருந்துகள் எல்லாவற்றின் வலுவையும் வெகுவாகக் குறைத்துவிடும். வலிப்பு மருந்துகளான ஃபெனிடாயின், கார்பமசெபின் ஆகியவையும் அப்படியே. மெட்ரோனிடசோல், ஃப்ளுகோனசோல், கோட்ரைமாக்சசோல் ஆகியவை வார்ஃபரினின் வலுவைக் கூட்டிவிடும். பல் பிடுங்குவதற்கு முன் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். பெரும்பாலும் நிறுத்தவே தேவைப்படாது.

துடிப்பை அடக்குவது

இங்கே இரண்டு வழிகள். ஒன்று, ஒழுங்கின்மையை அப்படியே விட்டு வேகத்தை மட்டும் குறைப்பது: மெட்டோப்ரோலால், பைசோப்ரோலால், டில்டியாசம், டிகாக்சின். ஓய்வில் நிமிடத்துக்கு 110-க்குக் கீழ் இருந்தால் பலருக்கும் போதும். இன்னொன்று, ஒழுங்கையே மீட்பது: மருந்து, மின் அதிர்ச்சி, தாறுமாறான மின்தூண்டல் கிளம்பும் இடத்தைச் சுட்டு அடக்கும் அபிளேஷன். நோய் கண்டுபிடித்து ஓராண்டுக்குள் இரண்டாவது வழியைத் தொடங்கியவர்களுக்கு இதயச் சாவும் பக்கவாதமும் குறைந்தன என்று 2,789 பேரை வைத்து ஐரோப்பாவில் நடந்த 2020 ஆய்வு காட்டியது. எனவே புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் "பழகிவிடும்" என்று ஆண்டுகளைக் கடத்த வேண்டாம். மின் இயற்பியல் நிபுணர் ஒருவரை ஒரு முறையாவது பாருங்கள். பஞ்சாகுட்டாவின் நிம்ஸிலும் நகரத்தின் பெரிய தனியார் மருத்துவமனைகளிலும் அவர்கள் இருக்கிறார்கள்.

அமியோடரோன் சாப்பிடுகிறவர்கள் ஆறு மாதத்துக்கு ஒரு முறை தைராய்டும் ஈரலும் பார்க்க வேண்டும்; வெயிலில் தோல் கறுக்கும், குடையும் முழுக்கைச் சட்டையும் வேண்டும். தைராய்டு கூடினாலே ஏ.எஃப். வரும் என்பதால், புதிதாக நோய் வந்தவர் யாராயினும் அந்தப் பரிசோதனை முதலில்.

அபிளேஷன் வெற்றி பெற்றதும் உறையா மருந்தை நிறுத்திவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. முதல் இரண்டு மூன்று மாதங்கள் எல்லாருக்கும் கட்டாயம். அதன் பிறகு தொடர்வது உங்கள் மதிப்பெண்ணைப் பொறுத்தது. துடிப்பு ஒழுங்காகிவிட்டது என்பது மட்டும் போதாது.

மாத்திரை இல்லாத மருந்துகள்

எடை. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் பருமனாயிருந்த 355 ஏ.எஃப். நோயாளிகளை ஐந்தாண்டு வரை பின்தொடர்ந்தார்கள். எடையில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்து அதைக் காப்பாற்றிக்கொண்டவர்கள் ஏ.எஃப். இல்லாமல் இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைப்போல ஆறு மடங்கு. எந்த டப்பாவும் இந்தப் பலனில் ஒரு பங்குகூடக் கொடுத்ததில்லை. 80 கிலோ உள்ளவர் 8 கிலோ குறைக்க ஓராண்டு எடுத்துக்கொள்ளட்டும்; பிரியாணியை மாதம் ஒரு முறையாக்கி, இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடித்து, கே.பி.ஆர். பூங்காவிலோ நெக்லஸ் ரோட்டிலோ இந்திரா பூங்காவிலோ விடியற்காலை நடந்தாலே பெரும்பகுதி முடியும்.

குடி. வாரத்துக்குப் பத்து அளவோ அதற்கு மேலோ குடித்துவந்த 140 பேரில் பாதிப் பேரை நிறுத்தச் சொன்ன ஆஸ்திரேலிய ஆய்வு 2020-இல் வந்தது. குடித்தவர்களில் 73 சதவீதத்தினருக்கு ஏ.எஃப். திரும்பியது, நிறுத்தியவர்களில் 53. கள்ளும் குடியில் சேர்த்திதான்.

காபியை விட வேண்டியதில்லை. மின் அதிர்ச்சி கொடுத்து ஒழுங்குபடுத்திய 200 பேரில், தினம் ஒரு கப்பாவது குடித்தவர்களில் 47 சதவீதத்தினருக்குத்தான் ஆறு மாதத்தில் ஏ.எஃப். திரும்பியது, காபியை நிறுத்தியவர்களில் 64 என்று 2025-இல் ஒரு ஆய்வு சொன்னது. உங்களுக்குக் காபி குடித்தால் படபடக்கிறது என்றால் குறையுங்கள், அவ்வளவே. இரானி சாயாவில் நான் கவலைப்படுவது அதன் சர்க்கரையையும் பக்கத்தில் வைக்கிற உஸ்மானியா பிஸ்கட்டையும்தான்.

குறட்டையைக் கணவரோ மனைவியோ சொன்னால் சிரித்து ஒதுக்காதீர்கள். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறவர்களுக்கு அபிளேஷன்கூடப் பலிப்பது குறைவு. தூக்கப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். யோகாவுக்கும் சான்று உண்டு: தனஞ்ஜய லக்கிரெட்டியும் கூட்டாளிகளும் கன்சாஸில் 49 பேருக்கு வாரம் இரு முறை மூன்று மாதம் யோகா சொல்லிக்கொடுத்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில் ஏ.எஃப். வருகைகள் குறைந்தன. சின்ன ஆய்வுதான். கெடுதல் இல்லாத சிகிச்சை என்பதால் தயங்காமல் செய்யலாம்.

நாடியைத் தொடுங்கள்

இந்த ஊருக்கும் இதயத் துடிப்புக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. 1888-லும் 1889-லும் அஃப்சல்கஞ்ச் மருத்துவமனையின் எட்வர்ட் லாரி, ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கானின் பண உதவியோடு, குளோரோஃபார்ம் எப்படிக் கொல்கிறது என்று அறிய இரண்டு ஆணையங்களை நடத்தினார். நாய்களிலும் குரங்குகளிலும் சோதித்து, முதலில் நிற்பது மூச்சுதான், இதயம் இல்லை என்று முடிவு செய்தார்கள். மயக்க மருந்து கொடுப்பவர் மூச்சைக் கவனித்தால் போதும் என்பது லாரியின் போதனை. 1911-இல் லண்டனில் குட்மேன் லெவி, லேசான மயக்கத்திலேயே இதயத்தின் கீழறைகள் நடுங்கி நின்றுவிடுவதைக் காட்டி அதை மறுத்தார். அவரோடு உழைத்த தாமஸ் லூயிஸ்தான் 1909-இல் ஈ.சி.ஜி. கொண்டு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனை அடையாளம் காட்டியவர்களில் ஒருவர். மேலறை நடுக்கமும் கீழறை நடுக்கமும் வேறு வேறு; முன்னது வாழக்கூடியது. இரண்டுக்கும் நாடியைக் கவனிக்காமல் விடுவது ஆகாது.

காலையில் எழுந்து ஐந்து நிமிடம் உட்கார்ந்தபின், கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரண்டு விரலை வையுங்கள். முப்பது விநாடி எண்ணி இரட்டிப்பாக்குங்கள். இடைவெளிகள் சமமா, ஒன்றுக்கொன்று பொருந்தாமல் வருகின்றனவா என்று பாருங்கள். வீட்டில் அறுபத்தைந்தைத் தாண்டிய எல்லாருக்கும் இதைச் செய்யுங்கள். நோய் தெரியாமலே இருக்கிறவர்கள் அதிகம். கைக்கடிகாரம் எச்சரித்தால் அது நோய் உறுதியானதாக ஆகாது, ஈ.சி.ஜி.யில் பதிவாக வேண்டும். ஏ.எஃப். உள்ளவருக்கு ரத்த அழுத்தம் பார்க்கும்போது மூன்று முறை எடுத்துச் சராசரி போடுங்கள். ஒரு தடவை காட்டுவதை நம்ப முடியாது.

பணப்பையில் ஒரு அட்டை இருக்கட்டும். மருந்தின் பெயர், அளவு, கடைசியாகப் பார்த்த கிரியேட்டினின் அல்லது ஐ.என்.ஆர்., எடை, வீட்டுத் தொலைபேசி. தெலுங்கு சரளமாக வராதவர்கள் இந்த ஒரு வாக்கியத்தைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்: "ரக்தம் பலுச்சகா சேஸே மந்து வாடுதுன்னானு" (ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மருந்து சாப்பிடுகிறேன்). ஆம்புலன்ஸ் பையனுக்கும் அவசரப் பிரிவு நர்ஸுக்கும் அது போதும். தெலங்கானாவின் ஆரோக்யஸ்ரீ திட்டத்தின் உச்சவரம்பு 2023 டிசம்பரில் 10 லட்ச ரூபாயாக உயர்ந்தது; உணவுப் பாதுகாப்பு அட்டை உள்ளவர்கள் அபிளேஷன், வால்வு அறுவைக்கு முன் மருத்துவமனையின் ஆரோக்யஸ்ரீ மேசையில் விசாரியுங்கள்.

முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தொங்குவது, பேச்சு குழறுவது, திடீரென்று ஒரு கண் மங்குவது, தள்ளாடுவது: எது வந்தாலும் 108-ஐ அழையுங்கள். அந்தச் சேவை தொடங்கியதே இந்த ஊரில்தான், 2005-இல். தண்ணீரோ ஆஸ்பிரினோ வாயில் ஊற்ற வேண்டாம். பக்கத்துக் கிளினிக்கில் காட்டிவிட்டுப் போகலாம் என்று நிற்க வேண்டாம், சி.டி. ஸ்கேனும் பக்கவாதச் சிகிச்சையும் உள்ள மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம். உறையா மருந்து சாப்பிடுகிறவருக்கு அதைப் போட முடியாமல் போனாலும், குழாய் வழியாகக் கட்டியை வெளியே எடுக்கும் சிகிச்சை தகுந்தவர்களுக்கு 24 மணி நேரம் வரை கைகொடுக்கும். டாபிகாட்ரானுக்கு மாற்று மருந்தும் உண்டு. நோயாளி கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு, கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு என்று இரண்டையும் குறித்துக்கொண்டு கிளம்புங்கள். அவசரப் பிரிவில் மருத்துவர் முதலில் கேட்பது அந்த இரண்டு நேரங்களைத்தான்.